உலகச் சந்தையில் இந்திய மதுபானம்: தரம் அல்ல, வரையறையே தடை

உலகிலேயே மிக அதிக அளவில் விஸ்கி விற்பனையாகும் நாடு இந்தியா. ஆயினும் 2023-24 நிதியாண்டில் நாட்டின் மதுபான ஏற்றுமதி ரூ.2,200 கோடியைச் சற்றே தாண்டியது. சில ஆண்டுகளில் இதனை 100 கோடி டாலராக உயர்த்த, வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் (அபெடா) இலக்கு வைத்துள்ளது. இந்த இலக்கை எட்டுவதற்குத் தடையாக நிற்பவை எவை?

முதல் தடை, 'விஸ்கி' என்ற சொல்லின் வரையறை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, தானியத்திலிருந்து வடிக்கப்பட்டு, மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்த பானம் மட்டுமே விஸ்கி. இந்தியாவிலோ, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுக்கப்படும் சாராயத்தைக் கலந்து தயாரிப்பதையும் விதிகள் அனுமதிக்கின்றன. உள்நாட்டில் பெருமளவில் விற்பனையாகும் பல வகைகள், ஐரோப்பாவில் அந்தப் பெயரைத் தாங்கி நுழைய முடியாது. எனவேதான் ஐக்கிய அரபு அமீரகமும் தான்சானியா, கென்யா, அங்கோலா போன்ற ஆப்பிரிக்க நாடுகளும் முக்கியச் சந்தைகளாக உள்ளன.

இரண்டாவது தடை, தட்பவெப்பம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரில் இது 10 சதவீதத்தை எட்டுகிறது. வெப்பத்தால் பானம் விரைவில் முதிர்வதால், 3 ஆண்டு நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்பது இந்தியத் தயாரிப்பாளர்களின் கோரிக்கை. 3 ஆண்டுகள் காத்திருந்தால் இழப்பு கூடி, விலையும் உயரும்.

தரம் குறித்த ஐயத்துக்கு இனி இடமில்லை. 2004-இல் பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தனது சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கிளாஸ்கோவில் அறிமுகம் செய்தது. கோவாவின் பால் ஜான், ஹரியாணாவின் இந்திரி ஆகியவையும் பன்னாட்டு விருதுகளைப் பெற்றுள்ளன. ஆனால், இவை மொத்த உற்பத்தியில் மிகச் சிறிய பகுதியே.

மூன்றாவது தடை உள்நாட்டிலேயே இருக்கிறது. மதுபானம் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளதால் உரிமம், முத்திரைச் சீட்டுப் பதிவு, வரி ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. கோவாவின் முந்திரி ஃபெனி 2009-இலேயே புவிசார் குறியீடு பெற்றும், நெடுங்காலம் 'நாட்டுச் சாராயம்' என்ற வகைப்பாட்டில் முடங்கிக் கிடந்தது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்புத் திட்டத்தால் தானியத்துக்கும் கழிவுப்பாகுக்கும் போட்டி கூடியுள்ளது.

இதனிடையே, உள்நாட்டுச் சந்தையின் கதவுகள் அகலத் திறக்கின்றன. 2025 ஜூலை 24-இல் கையொப்பமான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 சதவீத இறக்குமதி வரியை முதலில் 75 ஆகவும், பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறைக்கிறது. ஆனால், வெளிநாட்டுச் சந்தையில் இந்தியத் தயாரிப்புகளைத் தடுப்பது பெரும்பாலும் வரியல்ல, விதி. வரிக் குறைப்பால் மட்டும் அதனைக் கடக்க இயலாது.

மேலைநாடுகள் தங்கள் வரையறையை மாற்றும் வரை காத்திருப்பது பயனளிக்காது. தானிய விஸ்கியையும் கழிவுப்பாகுச் சாராயம் கலந்த பானத்தையும் முத்திரைச் சீட்டிலேயே தெளிவாகப் பிரித்துக்காட்டும் தேசிய விதி தேவை. கழிவுப்பாகை இயல்பான மூலப்பொருளாகக் கொண்ட ரம்முக்கும், ஃபெனிக்கும் தனி அடையாளத்துடன் சந்தை தேடலாம். சொந்த நாட்டில் தெளிவான இலக்கணம் இருந்தால்தான், வெளிநாட்டு மேசையில் பேரம் பேசும் வலிமை கிடைக்கும்.