சீட்டு யார் கையில்?

மென்பொருள் குழுக்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘பிளானிங் போக்கர்’ பழகிய ஒன்று. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று 1, 2, 3, 5, 8, 13 என எண் போட்ட சீட்டுகளில் ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பார்கள். எல்லாரும் போட்ட பிறகே சீட்டுகளை ஒன்றாகத் திருப்புவார்கள். 2002ல் ஜேம்ஸ் கிரெனிங் சொன்ன முறை இது. முதலில் பேசுபவரின் எண்ணுக்குப் பின்னால் மற்றவர்களும் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் சீட்டை மறைத்து வைக்கிறோம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியபோது யார் கையில் சீட்டு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இணையத்தில் அப்படியில்லை. பல செயலிகளில் இணைப்பைத் தட்டி உள்ளே வருகிறவர் எல்லாருக்கும் ஒரு சீட்டு தானாகவே கிடைத்துவிடுகிறது.

எங்கள் குழுவில் ஒருமுறை, “சும்மா பார்க்க வந்தேன்” என்று ஒரு மேலாளர் சேர்ந்தார். அவரும் 3 போட்டார். அந்த வேலையைச் செய்யப்போகும் இளையர் இருவர் போட்டது 8, 13. சீட்டுகள் திரும்பியதும் இருவரும் வாய் திறக்கவில்லை. மறுவாக்கில் இருவருமே 3க்கு இறங்கினார்கள். தீபாவளி வாரத்தில் இரவு வரை உட்கார்ந்து அந்த வேலையை முடித்தவர்கள் அவர்கள்தாம்.

அந்த மேலாளர் கெட்டவர் அல்லர். பார்வையாளராக இருக்கவேண்டியவரின் கையில் சீட்டு இருந்தது, அவ்வளவுதான். வேலையைச் செய்பவர்களே அதன் அளவைச் சொல்லவேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் ஸ்க்ரம் வழிகாட்டியும் சொல்கிறது.

அதன்பிறகு நாங்கள் சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். யார் வாக்காளர், யார் பார்வையாளர் என்று தொடங்குமுன்பே பிரித்துவிடுவோம். சீட்டைத் திருப்பும் உரிமை கூட்டத்தை நடத்துபவரிடம் மட்டும் இருக்கும். அவருடைய இணையம் துண்டித்துப்போனால் பார்த்துக்கொள்ள, அதே உரிமையுடன் இன்னொருவரும் இருப்பார். ‘ஐபோன்’ என்ற பெயரில் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. சொந்தப் பெயர் போடவேண்டும். இல்லாவிட்டால் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நுழைந்த ஒரே ஆள் இரண்டு வாக்குப் போடுவது தெரியாமல் போய்விடும். பாதியில் கிளம்பியவரின் பெயரை நீக்கிவிடுவோம், அவருடைய வாக்குக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டாமே! சீட்டுகள் திரும்பியதும் மிகக் குறைந்த எண்ணும் மிக அதிக எண்ணும் போட்டவர்கள்தாம் முதலில் பேசுவார்கள். மேலாளர் பேசுவது அதற்குப் பிறகு.

இதெல்லாம் அலுவலகத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சங்கத்தின் அடுத்த செயலாளர் யார் என்று வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்துகிறோம். யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை அதில் தட்டிப் பார்த்துவிடலாம். பெரியவர் ஒருவர் போட்டியிடும்போது, அவர் கண்முன்னே எந்தப் பிள்ளை மாற்றிப் போடும்? சுற்றுலாவுக்கு எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்பதற்கெல்லாம் அது போதும். ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஸூம் போன்ற செயலிகளில் பெயர் தெரியாமல் வாக்களிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்த வாக்கெடுப்பைத் தொடங்குமுன் பெயர்ப்பட்டியலை ஒரு நிமிடம் பாருங்கள். முடிவின் சுமையைத் தூக்கப்போகிறவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்களா? அவர்கள் பயமில்லாமல் வாக்குப் போட முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் தாராளமாகத் தொடங்குங்கள்.