முகவெட்டும் ஊசிமுனையும்

அழகை விரும்புதல் மனித இயல்பு. அதனைக் குற்றமெனக் கூறுவார் இலர். ஆயின் எந்த உறுப்பினை அழகின் உறைவிடமாகக் கொள்வது என்பது காலந்தோறும் மாறி வருகின்றது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியின் வனப்பைக் கூந்தல் தொடங்கி அடி வரை பாடுகின்றார். கூந்தல், நெற்றி, புருவம், கண், வாய், பல் என வரிசை செல்கின்றது. காதுக்குக்கூடக் கத்தரிகையின் கைப்பிடியை உவமையாகக் காட்டுகின்றார். காதைப் பாடியபின் நேரே கழுத்துக்கு இறங்கிவிடுகின்றார். இடையில் உள்ள மோவாயும் தாடையும் அவர் பாட்டில் இடம்பெறவில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை நோக்கிய புலவரின் கண்ணுக்குப் படாத அவ்வுறுப்பு, இன்று நம் மாணவர் பலரின் உறக்கத்தைக் கெடுக்கின்றது.

‘ஜாலைன்’ என்னும் சொல் இப்போது வகுப்பறையின் பின்வரிசையிலும் விடுதி அறையிலும் சரளமாக வழங்குகின்றது. “எனக்கு மோவாய் இல்லை ஐயா” என்று ஒரு மாணவர் நம்மிடம் வருந்திக் கூறியதுண்டு. மோவாய் இல்லாத மனிதர் யார்? அவர் கூற விரும்பியது வேறு. தம் முகம் திரைப்பட நாயகரின் முகம்போல் கூர்மையாக வெட்டி வைத்தாற்போல் இல்லை என்பதே அவர் குறை. அதற்காக ஊசி போட்டுக்கொள்ள எண்ணிப் பணம் சேர்த்து வருவதாகவும் அவர் கூறினார். சேர்த்த பணம் அடுத்த பருவத்திற்குரிய கல்விக் கட்டணத்தினும் மிகுதி. இது சிரித்துக் கடக்கத்தக்க செய்தியன்று. எனவே இப்பொருள் குறித்து நாம் அறிந்தவற்றையும் நம் கருத்தையும் ஈண்டு முன்வைக்கின்றோம்.

குறை எங்கிருந்து தோன்றுகின்றது?

முன்னோக்கி நீண்ட மோவாய் நம் மனித இனத்துக்கே உரிய தனி அடையாளம். நியாண்டர்தால் மனிதருக்கு அஃது இல்லை. அது ஏன் தோன்றிற்று என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதன் அளவும் வடிவும் பெற்றோர் வழி வருவன. வயது ஏறுங்கால் எலும்பு தேயும், கொழுப்பு இறங்கும், தோல் தளரும். பற்களை இழந்தால் தாடை எலும்பும் சுருங்கும். இவையெல்லாம் இயற்கை.

ஆயின் இருபது வயது இளைஞரின் கவலைக்கு முதுமை காரணமன்று. கையிலுள்ள கைப்பேசியே காரணம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மருத்துவர்கள் 30 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. முகத்திலிருந்து 12 அங்குலத் தொலைவில் எடுத்த தற்படத்தில், 5 அடித் தொலைவில் எடுத்த படத்தைவிட மூக்கு 6.4 விழுக்காடு நீண்டும் மோவாய் 12 விழுக்காடு குறுகியும் தோன்றியதை அவர்கள் கண்டனர். அஃதாவது கண்ணாடி காட்டாத குறையைக் கைப்பேசி காட்டுகின்றது. 2020இல் ஊரடங்குக் காலத்தில் தம் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டு பாடம் கேட்ட தலைமுறை இது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கத்தியின்றிச் செய்வன

அறுவை இன்றித் தாடையைத் திருத்தும் முறைகள் இன்று பல உள்ளன. அவற்றுள் முதன்மையானது ‘ஃபில்லர்’ எனப்படும் நிரப்பு ஊசி. இதில் பெரிதும் பயன்படுவது ஹையலூரானிக் அமிலம். இது நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ள பொருள். 1934இல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். பின்னர்ச் சேவற்கொண்டையிலிருந்து எடுத்தனர். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்குகின்றனர். கூழ்போன்ற இப்பொருளை மோவாய் எலும்பின்மேல் செலுத்தினால் மோவாய் சற்று முன்வந்ததுபோல் தோன்றும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் மோவாய்க்கென ஜுவிடெர்ம் வால்யூமா என்பதனை 2020இலும், தாடை விளிம்புக்கென ஜுவிடெர்ம் வாலக்ஸ் என்பதனை 2022இலும் ஏற்றது. இரண்டிற்கும் அது விதித்த வரம்பு ஒன்றே: 21 வயதைக் கடந்தோர்க்கு மட்டும். பயன் ஏறத்தாழ ஓராண்டு நிற்கும், பின் கரையும், மீண்டும் பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது ‘போடாக்ஸ்’. இது பாட்டுலினம் என்னும் நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியில் இந்நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரைப் பெல்சிய அறிஞர் வான் எர்மெங்கம் 1895இல் கண்டறிந்தார். அதே நஞ்சு மிக நுண்ணிய அளவில் மருந்தாகி, மாறுகண் நோய்க்கும் இமைத் துடிப்புக்கும் 1989இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. நஞ்சும் அளவறிந்தால் மருந்தாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மெல்லும் தசை பெருத்துத் தாடை அகன்றிருப்போர்க்கு அத்தசையில் இதனைச் செலுத்தினால், சில வாரங்களில் தசை மெலிந்து முகம் ஒடுங்கும். சில திங்களில் பயன் நீங்கும். கழுத்துத் தசைநார்களுக்கு இதனைப் பயன்படுத்த 2024இல் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது.

இரட்டை மோவாய் எனப்படும் கொழுப்பு மடிப்புக்கு மூன்றாவது முறை. பித்தநீரில் உள்ள டிஆக்சிகோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கி ஊசியாகச் செலுத்துவர். அது கொழுப்பு உயிரணுக்களைச் சிதைக்கும். 2015இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட இம்முறையில் ஒரே அமர்வில் 50 ஊசிகள் வரை போடப்படலாம். ஒரு திங்கள் இடைவெளி விட்டு ஆறு அமர்வுகள் வரை செல்லலாம். கொழுப்பை உறையவைக்கும் குளிர்முறையும், ஒலி அலைகளால் தோலின் அடியைச் சூடேற்றி இறுக்கும் முறையும், கரையும் நூலைத் தோலின்கீழ்ச் செலுத்தி இழுத்துக் கட்டும் முறையும் ஏனையவை. குளிர்முறையின் வரலாறு சுவையானது. பனிக்குச்சி சுவைத்த குழந்தைகளின் கன்னக் கொழுப்பு குளிரால் அழற்சியுற்றதை மருத்துவர் 1970இலேயே எழுதி வைத்தனர். தோலைவிடக் கொழுப்பே குளிருக்கு எளிதில் நலியும் என்னும் அந்த உண்மையே பிற்காலத்தில் கருவியாயிற்று.

அறுவை இல்லையெனின் ஆபத்து இல்லையா?

விளம்பரங்கள் ‘கத்தியில்லை, தையலில்லை’ என்று கூறுகின்றன. கேட்போர் ‘ஆபத்தில்லை’ என்று பொருள் கொள்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல. நிரப்பு ஊசி தவறிக் குருதிக் குழாயினுள் புகுந்தால் அப்பகுதித் தோல் அழுகலாம். அரிதாகக் கண்பார்வையே போகலாம். ஹையலூரானிக் அமிலமாயின் அதனைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்னும் மாற்று மருந்துண்டு. உடனே செலுத்தினால் பயன்தரும். கால்சியம் கலந்த நிரப்பிகளுக்கு அம்மருந்து பயன்படாது. கொழுப்பைக் கரைக்கும் ஊசியின் சோதனைகளில் 4 விழுக்காட்டினர்க்குத் தாடை ஓர நரம்பு நலிந்தது. அவர்தம் புன்னகை ஒருபுறம் கோணிற்று; பெரும்பாலும் சில வாரங்களில் சரியாயிற்று. குளிர்முறையில் சிலர்க்குக் கொழுப்பு குறைவதற்கு மாறாகப் பெருகிக் கட்டியாகின்றது. உலகறிந்த கனடிய விளம்பர அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு இவ்வாறு நேர்ந்ததை 2021இல் வெளிப்படையாக அறிவித்தார். அழகையே தொழிலாகக் கொண்டவர்க்கு இந்நிலை எனின், ஏனையோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றினும் கொடியது தகுதியற்றோர் கையில் ஊசி இருப்பது. 2024இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலிப் போடாக்ஸ் ஊசியால் பலர் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தனர். அழகியல் அறுவையையும் முடி நடுதலையும் யூடியூபில் பார்த்துக் கற்பது போதிய பயிற்சி ஆகாது என்று நம் நாட்டின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்த வேண்டி வந்தது. இங்கிலாந்திலோ 18 வயது நிரம்பாதோர்க்கு அழகு கருதிப் போடாக்சும் நிரப்பு ஊசியும் போடுதல் 2021 அக்டோபர் முதல் குற்றம்.

பணம் செலவாகாத வழிகளையும் இளைஞர் நாடுகின்றனர். நாவை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தால் தாடை கூர்மை பெறும் என்னும் ‘மியூயிங்’ பழக்கம் அவற்றுள் ஒன்று. இதனைப் பரப்பிய ஆங்கிலப் பல்மருத்துவர் மைக் மியூவின் பெயர் 2024இல் அந்நாட்டுப் பல்மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. வளர்ந்தோரின் தாடை எலும்பை நாக்கு மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. கடினப் பிசினை மணிக்கணக்கில் மெல்லுவதால் தசை பெருக்கலாம். தாடை மூட்டு நோகவும் செய்யலாம்.

திருத்தமும் மாற்றமும்

அவ்வாறாயின் இவையனைத்தும் விலக்கத்தக்கனவா? நாம் அவ்வாறு கூறவில்லை. குறையைத் திருத்துதல் வேறு. படைப்பை மாற்றுதல் வேறு. நபித்தோழர் அர்ஃபஜா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்துப் போரொன்றில் மூக்கை இழந்தார். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார், அது நாற்றமெடுத்தது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். இழந்ததை மீட்பதில் மார்க்கம் காட்டும் கனிவு இது. வீண் அழகுக்காக இறைவனின் படைப்பை மாற்றுவதை அதே மார்க்கம் கண்டிக்கின்றது. ஊசிகளைப் பற்றி அறிஞரிடையே ஒரே தீர்ப்பு இல்லை. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2006இல் அழகுக்காகப் போடாக்ஸ் போடுவதை விலக்கியது. இந்தோனேசிய உலமா மன்றம் 2020இல் சில கட்டுப்பாடுகளுடன் இசைவளித்தது.

இவ்வேறுபாட்டை மருத்துவமும் ஏற்கும். விபத்தில் தாடை சிதைந்தவரும், புற்றுநோய் அறுவையால் முகம் இழந்தவரும், பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்தவரும் நாடும் சிகிச்சை ஆடம்பரமன்று. அஃது அவர்தம் உரிமை. கீழ்த்தாடை மிகப் பின்தங்கிய சிறார்க்கு, வளரும் பருவத்திலேயே பல்சீரமைப்பு மருத்துவர் கருவி பொருத்தித் திருத்த முயல்வர். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும், பகலில் ஓயாத உறக்கமும் உடையவர்க்குப் பின்தங்கிய தாடை ஒரு நோய்க்காரணமாக இருக்கலாம். அத்தகையோர் மோவாயில் கூழை நிரப்பினால் வெளித்தோற்றம் திருந்தும். உள்ளே மூச்சுக்குழல் திருந்தாது. அவர்கள் முதலில் நாட வேண்டுவது அழகு நிலையத்தை அன்று, மருத்துவரை.

பெரியோர் கடன்

ஈண்டு மாணவரை மட்டும் குறைகூறி முடிப்பின் அது நீதியாகாது. பெண் பார்க்கச் சென்ற வீட்டில் “முகவெட்டுப் போதாது” என்று கூறி எழுந்து வருவோர் யார்? நாமே. “தாடை எங்கே, கழுத்தோடு ஒட்டிவிட்டதா?” என்று விருந்தில் இளைஞனைக் கேலி செய்வோர் யார்? நாமே. அச்சொல் கேட்டோர் சிரித்துக்கொண்டு எழுந்து செல்வர். பின்னர்த் தனியே கண்ணாடி முன் நிற்பர். ஊசி பின்னர்த்தான் குத்துகின்றது. சொல் முன்னரே குத்திவிடுகின்றது. மஹரைப் பற்றியும் கைக்கூலியைப் பற்றியும் மேடைதோறும் பேசும் நாம், முகத்தை விலைபேசும் வழக்கத்தையும் கண்டித்துப் பேசும் நாள் வந்துவிட்டது. ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து மகளுக்கு மோவாய் ஊசி போடுமாயின், அதனையும் வரதட்சணைக் கணக்கிலேயே நாம் எழுத வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது சில. 21 வயது நிரம்பும் வரை, நோய் காரணமாகவன்றி, முகத்தில் ஊசி வேண்டா. அதன் பின்னரும் விரும்பினால் முறையாகப் பயின்ற தோல் மருத்துவரையோ ஒட்டறுவை மருத்துவரையோ நாடுங்கள். மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதி வாங்குங்கள். தவறு நேர்ந்தால் கரைக்கும் மருந்து கைவசம் உண்டா எனக் கேளுங்கள். அக்கேள்விக்குச் சினப்பவரிடம் முகத்தைக் கொடாதீர்கள். கடன் வாங்கிச் செய்யாதீர்கள். கண்ணாடி முன் நாளும் பல மணி நேரம் கழிகின்றது எனின், நாட வேண்டியவர் மனநல மருத்துவர் ஆகலாம். அதில் நாணத்திற்கு இடமில்லை.

தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். உள்ளத்தில் எழுவது முகத்தில் தோன்றும் என்பதே அதன் அடிப்படை. நம் முன்னோர் முகத்தில் தேடியது அளவை அன்று, உணர்வை. இரக்கத்தால் நடுங்கும் உதடும், உண்மை பேசுகையில் நிமிரும் மோவாயும் எந்த ஊசியாலும் வருவனவல்ல. அத்தகைய முகங்களை மதிக்கக் கற்ற வீட்டிலும் கல்லூரியிலும், தன் முகத்தைக் கண்டு ஒரு பிள்ளை தலைகுனிய வேண்டிய நிலை வாராது. அந்நிலையை உண்டாக்குவது மருத்துவர் பணியன்று, நம் பணி.