கிணற்று மின்சாரத்துக்குக் கணக்கு வேண்டும்

அந்நிய நாடுகளில் எண்ணெய் விலை ஏறுவதும் இறங்குவதும் பட்டணத்து வியாபாரிகளின் கவலை என்றும், ஏர் பிடிப்பவருக்கு அதனோடு சம்பந்தமில்லை என்றும் விழுப்புரம் ஜில்லாவில் எண்ணுவோர் பலர் உண்டு. இவ்வெண்ணம் சரியன்று. திண்டிவனத்து மணிலாக் கொல்லைக்கு நீர் இறைக்கும் மோட்டார், அக்கொல்லையை உழும் டிராக்டர், அதற்கு இடும் இரசாயன உரம் ஆகிய மூன்றும் எரிபொருளையே ஆதாரமாகக் கொண்டவை. எரிபொருளின் விலை மாறினால் இம்மூன்றின் அடக்கமும் மாறும். அம்மாறுதல் குடியானவரின் கண்ணுக்குப் படுவதில்லை என்பதே வித்தியாசம்.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டபோது, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனின் மீது படையெடுத்தபோது, எண்ணெயோடு இயற்கை எரிவாயு, நிலக்கரி இவற்றின் விலையும் உயர்ந்தது. யூரியா உரம் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து செய்யப்படுவது. தமிழ்நாட்டின் மின்சாரத்தில் ஒரு பகுதி கப்பலில் வரும் நிலக்கரியால் உண்டாவது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய சர்க்கார் டி.ஏ.பி. உர மூட்டை ஒன்றுக்கு 2,501 ரூபாய் மான்யம் அறிவித்தமையால், விவசாயி 1,350 ரூபாய்க்கே மூட்டையை வாங்க முடிந்தது. உரம் விலை ஏறவில்லை என்று அவர் கருதினார். உண்மையில் விலை ஏறியிருந்தது. அப்பாரத்தைக் கஜானா சுமந்தது.

இத்தகைய விஷயங்களை ஆராய்வதற்கென்றே சர்வகலாசாலைகள் தனி நிலையங்களை ஏற்படுத்தியுள்ளன. அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலை 2013-ஆம் ஆண்டில் உலக எரிசக்திக் கொள்கைக்கென ஒரு நிலையம் நிறுவிற்று. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் எரிசக்தியைப் பற்றிய ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. சந்தை எவ்வாறு நடக்கும், யுத்தம் வந்தால் எந்நாடு தாங்கும், எக்கொள்கை யாருக்கு நன்மை பயக்கும் என்பவை அவர்கள் ஆராயும் கேள்விகள். ஆனால் எவ்வளவு புலமை மிக்க ஆராய்ச்சியும் கணக்கின்மேல் நிற்பதேயாகும். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பீப்பாய் எண்ணெய்க்கும் கணக்கு உண்டு; கிணற்றுக்குச் செல்லும் மின்சாரத்துக்கு மட்டும் சரியான கணக்கு இல்லை. இதுவே இங்கு கவனிக்கத் தக்கது.

கவலை ஏற்றமும் எருதுகளும் போய் எண்ணெய் என்ஜின் வந்தது. அதன் பின்பு மின்சார மோட்டார் வந்தது. பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. 1984-ஆம் ஆண்டில் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஆம் ஆண்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. இன்று இம்மாநிலத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. ஏரி நிரம்பாத ஆண்டுகளில் நெல்லும் கரும்பும் மணிலாவும் பிழைத்தமைக்கு இச்சலுகை பெருங்காரணம் என்பதை மறுப்பது நன்றியின்மையாகும். சலுகையை நீக்க வேண்டும் என்பது இங்கே கூறும் யோசனை அன்று.

கூறவேண்டியது யாதெனில், கட்டணம் வேறு, அளவு வேறு என்பதே. கட்டணம் போனபோது அளவும் சேர்ந்து போயிற்று. மீட்டர் இல்லாத இணைப்புகளின் உபயோகம், மோட்டாரின் குதிரைச்சக்தியையும் சில மாதிரி மீட்டர்களையும் கொண்டு உத்தேசமாக மதிப்பிடப்படுகிறது. உத்தேசக் கணக்கில் தவறு நேர்ந்தால் பழி யார்மேல் விழும்? மகாராஷ்டிர மாநிலத்தில் சர்க்கார் அமைத்த குழுவுக்காகப் பம்பாய் ஐ.ஐ.டி.யினர் ஆராய்ந்தபோது, விவசாயத்தின் பெயரில் எழுதப்பட்ட மின்சாரம் விவசாயிகள் மெய்யாக உபயோகித்ததைவிட மிகுதி என்று தெரியவந்தது. கம்பிகளில் வீணாவதும் திருட்டுப் போவதும் குடியானவரின் தலையில் ஏற்றப்படக்கூடும் என்பதற்கு இது அத்தாட்சி. கணக்கில்லாமையால் முதலில் நஷ்டமடைபவர் விவசாயியே.

இரண்டாவது நஷ்டம் நிலத்தடி நீரில் நேர்கிறது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதித் திறனுடன் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் 30 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 6,000 லிட்டர் நீரை மேலே கொண்டுவரும். நீர்மட்டம் 60 மீட்டருக்கு இறங்கினால் அதே யூனிட் 3,000 லிட்டரைத்தான் தரும். ஆகவே மீட்டர் இருக்குமாயின், கிணறு வற்றிவருவதை அது விவசாயிக்கு முன்கூட்டியே அறிவிக்கும். மரக்காணம், வானூர் பகுதிகளில் கடலோரத்துக் கிணறுகளிலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் உட்புகும் அபாயமும் உண்டு. ஒருமுறை உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதன்று.

மீட்டர் வந்தால் பின்னாலேயே பில்லும் வரும் என்று விவசாயிகள் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970, 1972-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு விவசாயிகள் கிளர்ச்சி செய்தனர். 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகத்தில் விவசாயிகள் உயிரிழந்தனர். 2020-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த நகல், முதலில் கட்டணம் வசூலித்துப் பின்னர் மான்யத்தைக் கணக்கில் செலுத்தும் முறையைக் கூறியபோது, தமிழ்நாட்டு சர்க்கார் அதை எதிர்த்தது. ஆகையால் மீட்டர் பொருத்துமுன், அளவைக்கொண்டு கட்டணம் விதிப்பதில்லை என்னும் உறுதியைச் சர்க்கார் சட்டபூர்வமாக எழுதித் தருவது அவசியம். வாய்ச் சொல் போதாது.

மீட்டர் விவசாயிக்குச் சாதகமாகவும் அமையலாம் என்பதற்கு வடநாட்டில் இரண்டு திருஷ்டாந்தங்கள் உள்ளன. இலவச மின்சாரம் வழங்கும் பஞ்சாபில் 2018-ஆம் ஆண்டு ஒரு திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. மீட்டருக்கு இசைந்த விவசாயிக்கு ஒரு வரம்பு குறிக்கப்படும். அதற்குக் குறைவாக உபயோகித்தால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கிடைக்கும். வரம்பை மீறினாலும் கட்டணமில்லை. குஜராத்தில் துண்டி என்னும் கிராமத்து விவசாயிகள் சூரிய சக்தி பம்புகளுக்காகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் மின்சாரக் கம்பெனிக்கு விற்றனர். அங்கே சூரிய வெளிச்சமே ஒரு விளைபொருளாயிற்று. தமிழ்நாட்டிலும் சூரிய சக்தி பம்புகள் மான்யத்துடன் வழங்கப்படுகின்றன. ஆனால் மின்கம்பியோடு இணைக்கப்படாத பம்பில் மிச்சத்தை விற்க வழியில்லாததால், பகல் முழுதும் நீரை இறைத்துவிடும் ஆசை உண்டாகும். இணைப்பும் அளவும் இருந்தால் நீரை மிச்சப்படுத்துவதே வருமானமாகும்.

அளந்து பார்ப்பது திண்டிவனத்துக்குப் புதிய வழக்கமன்று. அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் மணிலா ரகம் இந்தியாவின் பல மாகாணங்களில் பரவிற்று. டி.எம்.வி. என்பது ஊரின் பெயர்ச் சுருக்கமே. செடிகளைத் தேர்ந்து, காய்களை எண்ணி, மகசூலை நிறுத்துப் பார்த்த பின்னரே ஒரு ரகம் குடியானவர் கைக்கு வருகிறது. விதையை நிறுக்கும் ஊர், அவ்விதைக்குப் பாய்ச்சும் நீரையும் அதை இறைக்கும் சக்தியையும் அளவாமல் விடுவது பொருந்தாது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. கிராம அதிகாரிகள் அடங்கலில் பாசன ஆதாரத்தைக் குறிக்கும்போது, கிணற்றின் ஆழத்தையும் மோட்டாரின் சக்தியையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். சர்வகலாசாலையார் இவ்விவரங்களை மகசூலோடு ஒப்பிட்டு, தாலுகாவாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும்; எவருடைய கணக்கிலிருந்து ஆராய்ச்சி பிறந்ததோ அவருக்கு அது திரும்பக் கிடைப்பதே நியாயம். விவசாயிகளோ சர்க்காரின் மீட்டருக்குக் காத்திராமல், மோட்டார் ஓடிய மணிகளையும் கிணற்று நீர்மட்டத்தையும் வாரம் ஒருமுறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரலாம். இதற்குச் செலவு அதிகமில்லை.

இனி ஒருமுறை உலகச் சந்தை குழம்பும்போது, மான்யத்தைக் குறைக்க வேண்டும் என்னும் பேச்சு எழாமல் இராது. அன்று உத்தேசக் கணக்குடன் வருபவர்களுக்கு விடை கூற, விவசாயியின் கையிலும் மெய்யான கணக்கு இருக்கவேண்டும். அக்கணக்கை இப்பருவத்திலேயே தொடங்குவது நலம்.