எந்தச் "சார்ஜ்" ஐயா?

விக்கிரமங்கலம் கடைவீதியில் அரியலூர் பஸ்சுக்குக் காத்து நிற்பவர்களின் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள்.

"பஸ் சார்ஜ் எவ்வளவு?" என்பார் ஒரு பெரியவர். "என் போனில் சார்ஜ் இல்லை" என்பான் பக்கத்தில் நிற்கும் பையன். "ஆபீசிலே இன்றைக்கு யார் சார்ஜ்?" என்பார் மூன்றாமவர்.

முதலாவது காசு. இரண்டாவது மின்சாரம். மூன்றாவது பொறுப்பு. பத்திரிகையைப் புரட்டினால் "லத்தி சார்ஜ்". அது தடியடி! கோர்ட்டுக்குப் போனால் "சார்ஜ் ஷீட்". அது குற்றப்பத்திரிகை. சொல் ஒன்று, வேஷம் ஐந்து!

இந்தச் சொல்லின் பூர்வீகம் என்ன தெரியுமா? வண்டி! லத்தீன் மொழியில் "காருஸ்" என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. பாட்டரியில் மின்சாரம் ஏற்றினாலும் சார்ஜ். ஒருவர் தலையில் வேலையை ஏற்றினாலும் சார்ஜ். எல்லாம் சுமைதான்.

தமிழனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். குற்றத்தைச் "சுமத்தினார்" என்கிறான். பொறுத்தல் என்றால் தாங்குதல். அதிலே பிறந்தது பொறுப்பு. ஆனால் தமிழன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்துக்கொண்டான்.

தமிழன் மட்டுமல்ல. பிலிப்பைன்ஸ் தீவுகளை 1898-இல் அமெரிக்கர் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தின் வழியாக இங்கிலீஷ் அங்கே பரவியது. அங்குள்ள தகாலோக் மொழியில், கொடுக்கவேண்டிய காசைக் கேட்பது "சிங்கில்". குற்றச்சாட்டு "பாராத்தாங்". பாய்ந்து தாக்குவது "லூசோப்". அவர்களுக்கும் ஒரே சொல் போதவில்லை!

இதுவரை வேடிக்கை. நிலம் என்று வந்துவிட்டால் வேடிக்கை இல்லை.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 100-வது பிரிவிலே ஒரு "சார்ஜ்" இருக்கிறது. அது கட்டணம் அல்ல. ஒரு தொகைக்கு நிலத்தை ஈடாகக் கட்டிவைப்பது. அடமானப் பத்திரம் இல்லை. நிலமும் கையை விட்டுப் போகாது. உழலாம், விதைக்கலாம். ஆனால் பணம் கட்டத் தவறினால், கோர்ட் மூலம் அந்த நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும்.

"உங்கள் நிலத்தின் பேரில் சார்ஜ் போடவேண்டும்" என்று மேஜைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொல்கிறார். பஸ் சார்ஜ் மட்டுமே அறிந்த குடியானவர் என்ன நினைப்பார்? ஏதோ நூறு, இருநூறு கட்டணம் என்று நினைப்பார். காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார். மகள் கல்யாணத்துக்கு அரைக் காணியை விற்கப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். பதிவான சார்ஜ் வில்லங்கச் சான்றில் வந்து நிற்கும்!

வில்லங்கம்! இந்த ஒரு சொல்லை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் "வில்லங்கம்" என்றால் வயிறு கலங்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன வில்லங்கம்?" என்று கேட்பாள்.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்துவிட்டது. டாக்டர் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகம் பெரிய ஆங்கிலம் - தமிழ் அகராதியை 1960-களில் வெளியிட்டது. சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. நாக்குக்குத்தான் சோம்பல்.

போனுக்குச் சார்ஜ் போடுகிறவனை "மின்னேற்றம்" என்று சொல்லும்படி யாரும் மிரட்டவேண்டாம். அதனால் யாருடைய குடியும் முழுகவில்லை. ஆனால் கையெழுத்துக் கேட்கும் இடத்தில் பேசுகிறவர், கட்டணமா, பொறுப்பா, வில்லங்கமா என்று தமிழில் பிரித்துச் சொல்லியே தீரவேண்டும். அது அவர் செய்யும் தயவு அல்ல, அவர் வேலை.

அவர் சொல்லாவிட்டால், "எந்தச் சார்ஜ் ஐயா?" என்று கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். நிலத்தின் வில்லங்க விவரத்தை இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். போனில் சார்ஜ் இருக்கவேண்டும், அவ்வளவுதான்!