காத்தான்குடி நம்மிடம் கேட்கும் சாட்சியம்



இறையில்லத்துள் நுழைந்து, தோளோடு தோள் சேர அணிவகுத்து நின்று தொழுகின்ற மனிதன், தனக்குப் பின்னால் வருபவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் கையில் கருவி ஏதும் இருப்பதில்லை. அந்நிலையில் உள்ள ஒருவனைக் கொல்வது எத்துணைக் கொடிய பாவம் என்பதை எச்சமயத்தவரும் அறிவர். அப்பாவம் தமிழ் வழங்கும் மண்ணிலேயே ஒருமுறை நிகழ்ந்தது. கொன்றவர்கள் பேசியதும் தமிழ். கொல்லப்பட்டவர்கள் பேசியதும் தமிழ்.

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் வாவிக்கும் இடையே நெருங்கி அமைந்த சிற்றூர் காத்தான்குடி. நெசவுக்கும் வாணிகத்துக்கும் பெயர் பெற்றது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், வெள்ளிக்கிழமை, முஹர்ரம் மாதம். இஷாத் தொழுகை நடந்துகொண்டிருந்த வேளையில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் ஆயுதம் தாங்கியோர் புகுந்து, துப்பாக்கியாலும் கையெறிகுண்டாலும் தொழுதுகொண்டிருந்தோரைத் தாக்கினர். ஷஹீதானோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். தந்தையருடன் வந்த சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். விடுதலைப் புலிகள் இயக்கம் தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. உயிர் தப்பியோரின் சாட்சியமோ அவ்வியக்கத்தையே சுட்டியது. ஆகஸ்டு 3ஆம் நாளை அவ்வூரார் ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூர்ந்து வருகின்றனர்.

இது தனித்த ஒரு நிகழ்ச்சியன்று. அதற்கு முந்திய மாதம், ஜூலை 12ஆம் நாள், கல்முனைச் சாலையில் காத்தான்குடி நோக்கிப் பயணம் செய்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். புனித ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பியோரும் அவர்களுள் இருந்தனர். காத்தான்குடி நிகழ்ச்சிக்குப் பின் எட்டாம் நாள் இரவில் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே.

அண்டை வீட்டார் பகைவரானது எவ்வாறு?

மட்டக்களப்புப் பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலம் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தவர்கள். இருசாராரிடையேயும் தாய்வழிக் ‘குடி’ முறை உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து மணமகனை அவ்வீட்டுக்கே அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இருசாராருக்கும் பொது. முஸ்லிம் இளைஞர் சிலர் தொடக்கத்தில் தமிழ்ப் போராளி இயக்கங்களிலும் சேர்ந்திருந்தனர். ஆயினும் 1985ஆம் ஆண்டு முதல் மோதல்கள் மூண்டன. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப் படை வெளியேறியது. ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர் வெடித்தது. தமக்கெனத் தனித்த அரசியல் குரலை நாடிய முஸ்லிம்கள், ஆயுதம் ஏந்தியோரின் பார்வையில் துரோகிகளாயினர். அரசும் முஸ்லிம் இளைஞருக்குத் துப்பாக்கி தந்து ஊர்க்காவலராக்கியது. இடையில் நசுங்கியவர் வயலில் உழுதவரும் தறியில் அமர்ந்தவருமே.

பொஸ்னியா நாட்டின் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் சிற்றூரை நம் வீடுகளில் பலர் அறிவர். அங்கும் செர்பியரும் முஸ்லிம்களும் பேசியது ஏறக்குறைய ஒரே மொழி; சமயம் மட்டுமே வேறு. ஐக்கிய நாடுகள் சபை பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்த அவ்வூரில், 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். உலகம் காலந்தாழ்த்தியேனும் அதற்குச் சாட்சி கூறியது. அது இனப்படுகொலையே என்று பன்னாட்டு நீதிமன்றம் 2007இல் உறுதிசெய்தது. படைத் தலைவர் மிலாடிச்சுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. புதைகுழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டு, உறவினர் ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்தனர். ஜூலை 11ஆம் நாளை நினைவு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2024 மே மாதம் அறிவித்தது.

காத்தான்குடிக்கு இவற்றுள் எதுவும் கிட்டவில்லை. கொலையாளிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்படவில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதற்கு 2002 ஏப்ரலில் புலிகளின் சார்பில் அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார்; எனினும் போர் முடிந்த 2009க்குப் பின்னும் மீள்குடியேற்றம் இழுபட்டது. குருக்கள்மடத்தில் மண்ணுக்குள் கிடப்போரைத் தோண்டியெடுத்து முறையாக நல்லடக்கம் செய்ய வேண்டும் என்று உறவினர் நெடுங்காலம் மன்றாடி வந்துள்ளனர். மய்யித்துக்குரிய கடமையை நிறைவேற்றுவது சமுதாயம் முழுவதன்மீதும் சுமத்தப்பட்ட பர்ளு கிஃபாயா அன்றோ?

இருவகைத் தவறு

இது குறித்துத் தமிழகத்தில் இருவகைத் தவறு நிலவுகிறது. ஈழத் தமிழரின் துயரை மேடைதோறும் முழங்குவோருள் பலர் காத்தான்குடியின் பெயரை உச்சரிப்பதில்லை. பொஸ்னியாவுக்காகக் கையேந்திய நாமும் பாக்குநீரிணைக்கு அப்பால் நம் மொழியிலேயே அழுதோரைப் பெரிதும் அறியாதிருந்தோம். இது முதல் தவறு.

இரண்டாவது தவறு நம்மவருள் சிலர் செய்வது. முள்ளிவாய்க்கால் என்று ஒருவர் சொன்னவுடன், ‘காத்தான்குடியில் என்ன செய்தார்கள் தெரியுமா?’ என்று கேட்டு அவர் வாயை அடைக்கின்றனர். போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 2025இல் நடந்த அகழ்வில் குழந்தைகளுடையவை உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அக்குழந்தைகள் எப்பள்ளிவாசலைத் தாக்கினர்? ஓர் ஆன்மா மற்றோர் ஆன்மாவின் சுமையைச் சுமக்காது என்பது திருமறையின் தெளிந்த தீர்ப்பு. ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். வினவியோரிடம், அதுவும் ஓர் உயிரன்றோ என்று உணர்த்தினார்கள். செம்மணியின் முன் எழுந்து நிற்க மறுப்பவன் இந்த ஸுன்னத்தை எங்கே வைப்பான்?

அநீதி இழைத்த சகோதரனுக்கும் உதவுக என்று பெருமானார் (ஸல்) பணித்து, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவ்வுதவி என்றும் விளக்கினார்கள். ஆகவே நம்மவர் பெயரில் நடந்தவற்றையும் நாம் மறைக்கலாகாது. 1990 ஆகஸ்டு 12ஆம் நாள் சம்மாந்துறை அருகே வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்க்காவலர்மீது அக்குற்றம் சாட்டப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வைத்துக் கொன்ற கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அன்று தாக்கப்பட்ட மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் அவ்வூருக்கு மிக அண்மையில் உள்ளது. அங்கும் இறந்தோருள் சிறுவர்கள் உண்டு. அவனுடைய போக்கை எதிர்த்தவர்கள் அவ்வூரிலேயே இருந்தனர். ஆயினும் ஊர் முழுவதும் ஐயத்துக்கு உள்ளானது. ஒருவன் செய்ததற்கு ஓர் ஊரைப் பழிப்பது அநீதியெனில், ஓர் இயக்கம் செய்ததற்குத் தமிழ் மக்கள் அனைவரையும் வெறுப்பதும் அநீதியே.

நம் கடமை

இறைவனுக்காக நீதியில் நிலைத்துச் சாட்சி கூறுங்கள், அது உங்களுக்கும் உங்கள் உறவினருக்கும் எதிரானதாயினும் சரியே என்று ஸூரத்துன் னிஸா ஏவுகிறது. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை நீதியினின்று உங்களை வழுவச் செய்யலாகாது என்று ஸூரத்துல் மாயிதா எச்சரிக்கிறது. இவ்விரு கட்டளைகளையும் சேர்த்தே பின்பற்றுதல் வேண்டும்.

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலத்துக்கு வரும் நாளில், விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் சமயத்தை மற்றவர் கேட்பதில்லை. மட்டக்களப்பு வாழ்வும் ஒருகாலத்தில் இவ்வாறே இருந்தது. ‘அவர்கள் அனைவரும் அப்படித்தான்’ என்னும் சொல் திண்ணைகளிலும் கடைகளிலும் வழங்கத் தொடங்கியபோதே அது குலையத் தொடங்கியது. அச்சொல் நம் பிள்ளைகளின் வாயில் எழுமாயின் அன்றே திருத்துவது பெற்றோர் கடமை. காத்தான்குடியின் ஷுஹதாக்களை வீட்டில் எடுத்துக் கூறுங்கள். அதே அமர்வில் வீரமுனையையும், முள்ளிவாய்க்காலையும், சீயோன் தேவாலயத்துச் சிறுவர்களையும் கூறுங்கள்.

யா அல்லாஹ்! உன் இல்லத்தில் உயிர் நீத்தோரின் பதவிகளை உயர்த்துவாயாக! புதைகுழிகளில் பெயரின்றிக் கிடப்போரின் உறவினருக்கு ஆறுதலும் நீதியும் அருள்வாயாக! அநீதிக்கு ஆளாகாமலும், அநீதி இழைக்காமலும் எங்களைக் காத்தருள்வாயாக! ஆமீன்.