வைத்தியருக்கும் படிப்பு வேண்டாமா?

ஒருவர் வைத்தியப் பரீட்சையில் தேறிவிட்டால் பிறகு ஆயுள் முழுவதும் அவர் படிக்க வேண்டியதில்லை என்று நம் ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றார்கள். சில டாக்டர்களின் நம்பிக்கையும் அதுவேதான். பட்டம் என்ன, திருத்தக் கூடாத வேதமா என்று கேட்கின்றோம்.

நீரிழிவுக்காரர் ஒருவர் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, உளறுகின்றார் என்று வைத்துக்கொள்ளுவோம். வீட்டார் பேய் என்பார்கள். தெருவார் குடி என்பார்கள். உண்மையில் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். நினைவிருந்தால் 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு நாமே அறியலாம். ஆனால் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடும் கிழவருக்கு, ஏறின சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக்கூடும் என்பதை டாக்டரல்லவா அறிந்திருக்க வேண்டும்? "தெளிந்துவிட்டார், கூட்டிப் போங்கள்" என்று அனுப்பிவிட்டால், அன்றிரவே அவர் உயிர் போகலாம்.

மறதி நோய் கண்ட வயோதிகர்கள் கதி இதைவிடப் பரிதாபம். பல்வலியோ இடுப்பு வலியோ வந்தால் சொல்ல வார்த்தை வராது. கத்துவார்கள், குளிப்பாட்ட வருகின்ற கையைத் தட்டிவிடுவார்கள். உடனே "புத்தி கெட்டது" என்று தூக்க மருந்து! நார்வே தேசத்தில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து ஆராய்ந்து 2011ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியாருக்கு முறைப்படி வலி மருந்து கொடுத்தார்கள். அதில் பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான். 8 வாரத்தில் அவர்களுடைய ஆர்ப்பாட்டம் சராசரி 17 சதவிகிதம் குறைந்தது. புத்தி கெட்டதற்குப் பாராசிட்டமாலா மருந்து? வலிதான் கத்தியிருக்கின்றது.

வலியைக் கண்டுபிடிக்க யந்திரமும் வேண்டியதில்லை. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகின்றாரா என்கின்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க்குப் போடும் முறை 2003லேயே அமெரிக்காவில் வெளிவந்துவிட்டது. நர்சுகளும் சில நிமிஷத்தில் செய்துவிடலாம்.

டாக்டர்கள் 5 வருஷத்தில் 30 மணி நேரமாவது தொடர்ந்து கற்க வேண்டுமென்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ல் விதி செய்தது. அதாவது வருஷத்திற்கு 6 மணி! அதிலும் மருந்துக் கம்பெனிச் சாப்பாட்டு நேரம் எவ்வளவு என்பதை நாம் கிளறவில்லை. அந்த 6 மணியில் இவ்விரண்டு சங்கதிக்கும் இடம் உண்டா என்பதே நம் கேள்வி.

தோழர்களே! உங்கள் தாயார் கத்துகின்றார் என்று டாக்டரிடம் போனால், தூக்க மருந்து எழுதுமுன் எங்கே வலி என்று பார்த்தாரா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.