சோளகம் வீசும் கரையில் கட்டடங்கள்: காற்றோட்டம், சுடுநீர் பற்றிய எமது நிலைப்பாடு

மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் இனிக் கட்டப்படும் விடுதி, உணவகம், கலியாண மண்டபம், மருத்துவமனை எதுவானாலும், அதன் காற்றோட்டமும் சுடுநீர் ஏற்பாடும் வரைபடத்திலேயே காட்டப்பட வேண்டும். காட்டாத வரைபடத்துக்கு உள்ளூராட்சி சபைகள் கட்டட அனுமதி வழங்கக்கூடாது. இதுவே எமது நிலைப்பாடு.

2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் திறன் 103.5 மெகாவாற். இன்னும் காற்றாலைகள் வேண்டுமா என்பதில் ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. எந்தப் பக்கம் நிற்பவரும், வீணாகும் மின்சாரத்துக்காக ஒரு காற்றாலைகூட எழக்கூடாது என்பதை ஏற்பார்.

காற்றோட்டம்

தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் அதைக் குறுக்கறுத்து வீசுகிறது. மாரியில் வாடை எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. தென்மேற்கிலும் வடகிழக்கிலும் சாளரம் வைத்த மண்டபம் இரு பருவத்திலும் காற்று வாங்கும். நாலு பக்கமும் கண்ணாடியால் அடைத்துவிட்டு ஏசி பூட்டுவது, வாசலுக்கு வந்த காற்றைத் திருப்பி அனுப்பும் வேலை.

சோளகம் மணலையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவரும். அதற்கு அகன்ற விறாந்தையும், சரிவுப் பலகைச் சாளரமும், கழற்றிக் கழுவக்கூடிய வலையும் வேண்டும். காற்று ஓயும் சித்திரையில் மின்விசிறியும், தேவைப்படும் அறைகளுக்கு மட்டும் ஏசியும் வைக்கலாம்.

மருத்துவமனைக்கு இது உயிர்ப் பிரச்சினை. இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது வார்டில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லீற்றர் காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டியது.

உணவகச் சமையலறையில் புகைபோக்கி மட்டும் போதாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று நுழைய வழி இல்லாவிட்டால், பக்கத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்றையே அது உறிஞ்சி வெளியே தள்ளும்.

சுடுநீர்

100 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 58 பாகைக்குச் சூடாக்க மின்ஹீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை அலகு மின்சாரம் வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் வெப்பப் பம்பி அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் முடிக்கும். கூரையில் வைக்கும் சூரிய ஹீட்டருக்கு வெயில் நாளில் மின்சாரமே வேண்டியதில்லை. பெரிய விடுதியில், ஏசி வெளியே வீசும் சூட்டையே குளியலறைத் தண்ணீருக்குத் திருப்பலாம்.

கடற்கரைக்கு அண்மையில் வெளியில் நிற்கும் இயந்திரத்தின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று வெண்பொடியாக அரித்துவிடும். கடினநீர் ஓடும் ஹீட்டர்க் கம்பியில் சுண்ணாம்பு ஓடுபோலப் படியும். எனவே அரிப்பைத் தாங்கும் பூச்சும், ஒழுங்கான கழுவலும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சிக்கனம் என்று தொட்டியின் சூட்டைக் குறைக்கவும் கூடாது; 60 பாகையில் வைத்தால்தான் லெஜியோனெல்லா கிருமி பெருகாது. குழாயில் குளிர்நீர் கலந்து சூட்டைத் தணிக்கலாம்.

நாம் கோருவன

1. காற்று வரும் திசை, சாளரப் பரப்பு, சுடுநீர்த் தேவை ஆகிய மூன்றும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இடம்பெற வேண்டும்.
2. தங்குமிடங்களில் சூரிய ஹீட்டர் அல்லது வெப்பப் பம்பி முதல் தெரிவாகவும், மின்ஹீட்டர் துணையாகவும் இருக்க வேண்டும்.
3. அரச கட்டடங்கள் இதில் முன்னுதாரணமாக நிற்க வேண்டும்.
4. பழைய கட்டடங்களை மாற்ற நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் வங்கிகளும் இலகு கடன் ஒழுங்கு செய்ய வேண்டும்.
5. உள்ளூர் இளைஞருக்கு இவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் தொழிற்பயிற்சி வேண்டும்.

ஒரு கட்டடம் முப்பது, நாற்பது ஆண்டு நிற்கும். திசை பிழைத்த சுவருக்கு அதன் சொந்தக்காரர் மாதாமாதம் மின்பட்டியல் கட்டுவார். அத்திவாரம் வெட்டுமுன் திருத்துவதற்குக் கடதாசியும் பென்சிலும் போதும். ஆகவே சபைகள் அடுத்த விண்ணப்பத்திலிருந்தே இதைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.